மரகதம் தூங்கிய அத்தியாயம்

அம்பிகாவின் முதல் நாவல், அச்சுக்குப் போவதற்கு முன் கடைசியாகப் பார்த்துத் திருத்திக் கொடுப்பதற்காக, ஒரு மழைநாளில் அவள் கைபேசிக்கு வந்து சேர்ந்தது. கார்த்திகை மாதம். பழவேற்காட்டை அடுத்த லைட்ஹவுஸ் குப்பத்து மணல்மேட்டில் காயப்போட்டிருந்த நெத்திலியின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள் அவள். வெயில் எட்டிப் பார்த்தால் திறக்க வேண்டும், தூறல் விழுந்தால் மூட வேண்டும். விடிந்ததிலிருந்து இதே வேலை. இடுப்பில் செருகியிருந்த போன் சிணுங்கியதும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தாள். 'மரகதம் போன வழி' என்று தலைப்பு. அதற்குக் கீழே அவள் பெயர். இந்த நாள் வந்தால் சந்தோஷத்தில் அழுதுவிடுவோம் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறாள். வந்தது என்னவோ அலுப்புதான். இதையும் முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டுமே என்றிருந்தது.

அம்பிகாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. பன்னிரண்டாவது முடித்த கையோடு முரளிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். முரளி ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவன். சமீபமாக முதுகு பிடித்துக்கொண்டதில், போகிற நாளைவிடப் படுத்திருக்கிற நாள்தான் அதிகம். கரையில் ஏலத்துக்கு நின்று மீன் எடுத்து, உப்புப் போட்டு, காயவைத்து, பொன்னேரி சந்தைக்குக் கொண்டுபோவது அம்பிகாவின் பிழைப்பு. அந்தப் பஸ்ஸில்தான் அவள் எழுதினாள். கூடையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலால், தனக்குத் தானே அனுப்பும் வாட்ஸ்அப் செய்திகளாக எழுதினாள். பக்கத்து சீட்டுக்காரர்கள் கருவாட்டு வாடைக்கு மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்துபோவார்கள். அது அவளுக்கு வசதியாகவே இருந்தது.

முதலில் போட்ட திட்டம் பெரியது. குப்பம் முழுவதையும் எழுதிவிடுவது என்று ஆரம்பித்தாள். கடல் ஊருக்குள் புகுந்த நாள், கடல்காரர்களுக்கும் ஏரிக்காரர்களுக்கும் நடந்த சண்டைகள், வலை அறுந்த கதைகள், எல்லாம் வர வேண்டும். எழுத எழுத ஒவ்வொன்றாக உதிர்ந்துபோயிற்று. எதைத் தொட்டாலும் நாலு பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. கடைசியில் ஒரே ஒரு பெண் மட்டும் மிச்சம் நின்றாள். நாவலில் அவள் பெயர் மரகதம். நிஜத்தில் அவள் அம்பிகாவின் நாத்தனார், முரளியின் அக்கா தெய்வநாயகி.

தெய்வநாயகி வாழ்க்கைப்பட்டது ஏரிக்கரை ஊரான தோணிரேவில். புருஷன் சுப்பராயலு ஏரியில் இறால் பிடிக்கிறவர். பல வருஷத்துக்கு முன்னால் அவள், புருஷனையும் சின்னப் பிள்ளைகள் இரண்டையும் விட்டுவிட்டு, எளாவூர் செக்போஸ்ட் அருகே டீக்கடை வைத்திருந்த ஒருவரோடு போய்ச் சில மாதம் இருந்தாள். பிறகு அவளாகவே திரும்பி வந்தாள். ஊர்ப் பஞ்சாயத்து கூடியது, அபராதம் போட்டது, சுப்பராயலு ஒரு வார்த்தை பேசாமல் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போனார். அதற்கப்புறம் அவள் எதிரில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அம்பிகாவும் கேட்டதில்லை. கேட்காததையெல்லாம் தானே இட்டுக்கட்டிக்கொண்டாள். ஏழாவது அத்தியாயத்தில் மரகதம் ஊரைவிட்டுப் போனாள். மழை பெய்தது. லாரி விளக்குகள் ஈரச்சாலையில் நீண்டன. டீ கிளாஸை நீட்டிய அவன் விரல் அவள் விரலில் பட்டது.

சென்னையில் சிறிய பதிப்பகம் ஒன்றை ஒற்றை ஆளாக நடத்தும் அர்ச்சனா, அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டுப் போனில் கூப்பிட்டாள். "அம்பிகா, இந்த ஏழாவது அத்தியாயத்துக்காகவே புக்கைப் போடலாம். தை மாசப் புத்தகக் கண்காட்சிக்குக் கொண்டுவந்துடலாம்" என்றாள்.

அர்ச்சனா சுறுசுறுப்பானவள். திருத்தப்படியை அனுப்பிய அன்றைக்கே அட்டைப்படத்தை ஃபேஸ்புக்கிலும் போட்டுவிட்டாள். முன்பக்கத்தில் நீலமாக ஏரி. பின்னட்டையில், 'பழவேற்காட்டுக் கரையிலிருந்து எளாவூருக்கு, தன் காதலைத் தேடிப் போன ஒரு மீனவப் பெண்ணின் கதை.'

அதைப் பார்த்ததும்தான் அம்பிகாவுக்கு உறைத்தது. எழுதும்போது எளாவூர் என்று நிஜ ஊர்ப் பெயரையே வைத்துக்கொண்டாள், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று. மாற்ற மறந்தே போனாள். தெய்வநாயகியின் மகள் சுபஸ்ரீக்கு அந்தச் சமயம்தான் காசிமேட்டில் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். தை கடைசியில் கல்யாணம்.

முரளி சுவரில் சாய்ந்தபடி அந்த அட்டையைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தான். அவள் எழுதுவதை இதுவரை அவன் தடுத்ததும் இல்லை, என்ன எழுதுகிறாய் என்று கேட்டதும் இல்லை.

"இது அக்காவா?"

அம்பிகா கூடையை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"எங்க அக்காவா அம்பிகா?"

"பேரு வேற" என்றாள் அவள்.

"பேரு வேற வச்சா ஆளு வேறயாயிடுமா?" அவன் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபக்கம் புரண்டு படுத்தான். அவன் சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது அவளுக்கு.

மறுநாள் மழை விட்டிருந்தது. அம்பிகா சென்னாக்கூனி என்னும் பொடி இறாலைப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தபோது, பாலம் தாண்டி வந்த ஷேர் ஆட்டோவிலிருந்து தெய்வநாயகி இறங்கினாள். தூரத்திலேயே அந்த நடை தெரிந்துவிட்டது. இடது கால் கொஞ்சம் இழுக்கும். ஏரித் தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறால் தடவிப் பிடித்ததில் வந்த வலி. அம்பிகாவுக்கு எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. ஓடுவதற்கும் தெம்பு வேண்டுமே. அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க அண்ணி. நாஸ்டா ஆச்சா?"

"ஆச்சு ஆச்சு." தெய்வநாயகி பாயின் ஓரமாகக் குந்தினாள். "சுபா போன்ல காட்டுச்சு. புக்கு போட்டுக்கீறியாமே."

"இன்னும் போடல அண்ணி. வரப்போவுது."

"என்னைப் பத்தியா?"

இதற்கும் பேர் வேறு என்று சொல்ல அம்பிகாவுக்கு வாய் வரவில்லை. "ஆமா அண்ணி" என்றாள்.

"எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கறதே பேஜாரு. நீயே படி. நான் போன எடம் வருதுல்ல, அதப் படி."

அம்பிகா போனைத் திறந்தாள். கடற்காற்று இரைந்துகொண்டிருந்ததால் சத்தமாகப் படிக்க வேண்டியிருந்தது. மழை வந்தது, லாரி விளக்கு வந்தது, டீ கிளாஸ் வந்தது. அர்ச்சனா தலையில் வைத்துக் கொண்டாடிய வரிகள் எல்லாம் அந்த வெயிலில் சாயம் போனவைபோல இருந்தன. மரகதத்தின் நெஞ்சு படபடத்த இடத்தில் அம்பிகாவுக்கே கூச்சமாகி, குரலைத் தாழ்த்தினாள். "காதுல விழல" என்றாள் தெய்வநாயகி. அந்த வரியை மறுபடியும் உரக்கப் படிக்க வேண்டியதாயிற்று. தெய்வநாயகியின் கை அதுபாட்டுக்குப் பாயிலிருந்த தூசியையும் சிப்பியையும் பொறுக்கி வெளியே போட்டுக்கொண்டிருந்தது.

முடித்ததும் அம்பிகா போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"நல்லாத்தான் கீது" என்றாள் தெய்வநாயகி. "சினிமா மாதிரி கீது. ஆனா நான் அதுக்குப் போகல அம்பிகா."

"எதுக்கு?"

"இந்த ஆசை, படபடப்பு, அதுக்கெல்லாம் போகல. நான் தூங்கப் போனேன்."

அம்பிகாவுக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்றிருந்தது. தெய்வநாயகி பாயைப் பார்த்தபடியே பேசினாள்.

"அப்ப மாமியா படுத்த படுக்கை. ராவெல்லாம் கூப்பிட்டுக்கினே இருக்கும். புரட்டிப் போடணும், துணி மாத்தணும். சின்னது பால்குடி. விடியறதுக்குள்ள அந்தாளோட ஏரிக்குப் போவணும். வந்தா இறால் உரிக்கணும், சோறாக்கணும். கண்ணு மூடினா யாராச்சும் ஒருத்தர் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. நாயகி, நாயகினு. என் பேரைக் கேட்டாலே எனக்கு வாந்தி வர்ற மாதிரி ஆயிடுச்சு. எளாவூர்ல லாரிக்காரங்களுக்கு நண்டு விக்கப் போவேன். அந்த டீக்கடைக்காரர் கடைக்குப் பின்னாடி ஒரு ரூம்பு. ஒருநா, அண்ணே, இப்டி கொஞ்சம் சாய்ஞ்சுக்கட்டுமானு கேட்டேன். சரிம்மானாரு. படுத்தேன். கண்ணு முழிச்சா பொழுது சாஞ்சுடுச்சு. யாரும் எழுப்பல."

"அப்பால?"

"அப்பால நண்டு இருக்குதோ இல்லியோ, போவ ஆரம்பிச்சேன். ஒருநா பஸ் ஏறித் திரும்பி வரணும்னு நெனச்சேன், காலு வரல. அங்கியே இருந்துட்டேன். மொதல்ல தூக்கம்தான். முழிச்சா கஞ்சி வச்சிருப்பாரு, குடிச்சிட்டு மறுபடி தூக்கம். எழுப்பாத ஒரு ஆம்பளைய அப்பதான் பார்த்தேன்." ஒரு சிப்பியைப் பொறுக்கித் தூர எறிந்தாள். "பின்னால மத்ததும் இருந்துச்சு, இல்லனு சொல்லல. ஆனா அதுக்குப் போகல."

"ஏன் அண்ணி திரும்பி வந்தீங்க?"

"தூக்கம் தீர்ந்துபோச்சு. தீர்ந்ததும் புள்ளைங்க ஞாபகம் வந்துச்சு."

"பஞ்சாயத்துல இதச் சொல்லியிருக்கலாமே."

"யாரு கேட்டா? அவனை நெனச்சுத்தான போனனு கேட்டாங்க. ஆமானுட்டேன். தூங்கப் போனேன்னு சொன்னா பேய் புடிச்சிருக்குதுனு வேப்பிலை அடிச்சிருப்பாங்க."

அம்பிகா தயங்கித் தயங்கி, தன்னை உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டாள். "சுபா கல்யாணத்துக்கு இதனால எதுனா... எடுத்துடச் சொல்றீங்களா அண்ணி? எடுத்துடறேன்."

தெய்வநாயகிக்குச் சிரிப்பு வந்தது. "அடி, மாப்பிள்ளை வூட்டுக்கும் சொல்லித்தான் பொண்ணு குடுக்கறோம். சுத்துப்பட்டு ஊருக்கே தெரிஞ்சதுல நீ புதுசா இன்னா எழுதிடப் போற? எடுக்காத. ஆனா நான் ஒருத்தன் மேல பித்துப் புடிச்சு, பால்குடியப் போட்டுட்டு ஓடினேன்னு மட்டும் எழுதாத. என் பொண்ணு படிக்கும்."

மணலைத் தட்டிவிட்டு எழுந்துகொண்டாள். கல்யாணத்துக்குக் கருவாடு எதுவும் வேண்டாம், வஞ்சிரம் கிடைத்தால் சொல் என்றாள். ஷேர் ஆட்டோவைப் பிடிக்கக் காலை இழுத்து இழுத்து நடந்தாள்.

அம்பிகா போன் செய்தபோது, அவள் எழுத்துப்பிழை பற்றிப் பேசுகிறாள் என்றே அர்ச்சனா முதலில் நினைத்தாள். விஷயம் புரிந்ததும் பதறினாள்.

"அம்பிகா, யோசிச்சுப் பாருங்க. அட்டை அச்சாயிடுச்சு. அந்தக் காதல்தான் நாவலோட உயிரு. வீட்டை விட்டுத் தூங்கப் போனானு எழுதினா யாரு நம்புவா?"

"நான் நம்பறேன் மேடம்."

"நீங்க நம்பறீங்க..."

"நான் கேட்டுக்கினு இருக்கும்போதே நம்பிட்டேன். அதான் பேஜாரு. இனிமே பழசப் படிக்க முடியல."

அர்ச்சனா பெருமூச்சு விட்டாள். அச்சகத்துக்குக் கொடுக்கும் நாளைத் திங்கட்கிழமைவரை தள்ளிப்போட முடியும், அதற்குமேல் முடியாது, அப்புறம் கண்காட்சிக்குப் புத்தகம் வராது என்றாள். ஒற்றை ஆளாக ஓடிக்கொண்டிருந்த அவள் குரலிலும் களைப்பு தெரிந்தது. சரி என்றாள் அம்பிகா.

சரி என்று சொல்வது சுலபமாக இருந்தது. அன்று முழுக்க ஒரு வரிகூட வரவில்லை. மறுநாள் பஸ்ஸில் எழுதியதை இறங்கும்போதே அழித்தாள். அதிலும் தூக்கம் ஒரு கறுத்த கடலாக வந்து மரகதத்தை அள்ளிக்கொண்டு போயிற்று. தெய்வநாயகி கேட்டால், இதுவும் சினிமா மாதிரி கீது என்பாள். அடுத்த நாள் முரளிக்கு வலி கூடிவிட, பழவேற்காட்டு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் கூட்டிவருவதற்குள் பகல் போய்விட்டது. அவள் இல்லாத நேரத்தில் பெய்த மழையில் பாதிக் கூனி நனைந்து கெட்டிருந்தது. நனைந்ததை அள்ளிக் குப்பையில் கொட்டும்போது, இந்தப் புத்தகம் யாருக்கு வேண்டும் என்று வெறுத்துப்போயிற்று. எழுதாவிட்டால் யார் அழப்போகிறார்கள்? பழசையே போட்டுக்கொள்ளுங்கள் என்று அர்ச்சனாவுக்குச் சொல்லிவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அப்படியே சுவரில் சாய்ந்து உறங்கிப்போனாள்.

"அம்பிகா, தண்ணி" என்று முரளி கூப்பிட்டான். பாட்டில் அவன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் குனிந்து எடுக்க அவனால் முடியாது. அவனைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் தன் பெயர் காதில் விழுந்த அந்த ஒரு நொடியில் அம்பிகாவின் உடம்பு முழுக்க ஒரு கசப்பு ஓடிற்று. பெயரைக் கேட்டாலே வாந்தி வருகிற மாதிரி என்று தெய்வநாயகி சொன்னது இதுதான்.

தண்ணீரைக் கொடுத்துவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்து எழுதினாள். மழையை எடுத்தாள், லாரி விளக்கை எடுத்தாள், விரல் படுவதை எடுத்தாள். மரகதம் நண்டுக்கூடையை இறக்கி வைக்கிறாள். கொஞ்சம் சாய்ந்துகொள்ளட்டுமா என்று கேட்கிறாள். படுக்கிறாள். யாரும் கூப்பிடவில்லை. அவ்வளவுதான். நடுவில் எழுந்து உலையை வைத்தாள், சோற்றை வடித்தாள், மறுபடி வந்து எழுதினாள். முன்பு இருந்ததில் பாதிகூடத் தேறவில்லை.

அதை அர்ச்சனாவுக்கு அனுப்பினாள். பிறகு ஒரு குரல்பதிவு வந்தது. "நான் நேத்தெல்லாம் உங்க மேல கோவமா இருந்தேன். இப்ப படிச்சேன். சரி. ஆனா இதை வச்சா எட்டும் ஒன்பதும் நிக்காதே அம்பிகா. அதுல முழுக்க அவங்க ரெண்டு பேரும் காதல் வசனம் பேசிட்டே இருக்காங்க. அதையும் பார்க்கணும்."

அம்பிகாவுக்கு அழுகை வந்தது. புத்தகத்துக்காக வந்த முதல் அழுகை அதுதான். அழுதுகொண்டே எட்டாவது அத்தியாயத்தைத் திறந்தாள். வசனங்களை எல்லாம் வெட்டினாள். ஒன்பதாவது மொத்தமாகப் போயிற்று. திங்கட்கிழமை சந்தைக்குப் போகும் பஸ்ஸிலிருந்தே கடைசி வரியை அனுப்பினாள். பொன்னேரி வந்து எல்லாரும் இறங்கியபிறகும் உட்கார்ந்தே இருந்தவளைக் கண்டக்டர்தான், "ஏம்மா, எறங்கல?" என்று உசுப்பிவிட்டார்.

புத்தகம் மெலிந்து வந்தது. பின்னட்டையில் மட்டும் பழைய வாசகம் அப்படியே நின்றது. தன் காதலைத் தேடிப் போன மீனவப் பெண். கண்காட்சி அரங்கில், நாற்காலி போட்ட சிறிய இடத்தில் வெளியீடு நடந்தது. பேச வந்தவர் பின்னட்டையை மட்டும் பார்த்துவிட்டு வந்திருந்தார் போலும். கடலோர மக்களின் காதலில் இருக்கும் ஆவேசத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார். அர்ச்சனா அம்பிகாவைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். அம்பிகாவுக்கு அதைத் திருத்த வேண்டும் என்று தோன்றவில்லை. புது செருப்பு காலைக் கடித்தது. கூட்டம் முடிந்தால் உட்காரலாம் என்று மட்டுமே இருந்தது. கடைசியாக ஒரு கல்லூரிப் பெண் புத்தகத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டபோது, எங்கே போடுவது என்று அவளிடமே கேட்டுப் போட்டாள்.

தெய்வநாயகிக்கு ஒரு புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கல்யாண வேலை தலைக்கு மேல் கிடந்தது. "கல்யாணம் முடியட்டும், வந்து படிச்சுக் காட்டு" என்று வாங்கி, சாமான்களோடு அலமாரியில் வைத்தாள். சுபஸ்ரீ அதைப் பிறந்தவீட்டிலிருந்து காசிமேட்டுக்கு எடுத்துப்போனாளாம். படித்தாளா, என்ன நினைத்தாள் என்று அம்பிகாவுக்குத் தெரியவரவில்லை. கேட்கவும் இல்லை.

குப்பத்தில் புத்தகம் கைமாறி ஓடிற்று. ஆண்கள் அட்டைப்படத்தைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒரு விடியற்காலை ஏலத்தில் கூடை வைத்துக் காத்திருந்தபோது, பக்கத்து வீட்டு முனியம்மா அவளை ஒதுக்குப்புறமாக இழுத்துப் போனாள். ஐஸ் பெட்டிக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, ரகசியமாகக் கேட்டாள்.

"ஏம்மே, அந்த மரகதம் நான்தான?"

"இன்னாக்கா சொல்ற? நீ எங்க போன? இந்தக் குப்பத்தத் தாண்டினதில்லியே."

"போவலதான். ஆனா என் மனசுல கீறது உனுக்கு எப்டித் தெரிஞ்சுது? நான் யாராண்டயும் சொன்னதில்லியே." முனியம்மாவின் கண் கலங்கியிருந்தது. "யார்கிட்டயும் சொல்லிடாத, நான்தான்னு."

அவளோடு முடியவில்லை. மீன் வெட்டும் ஜெஸ்ஸி கேட்டாள். ரேஷன் கடை வரிசையில், இதுவரை இரண்டு வார்த்தை பேசியிராத ஒருத்தி கேட்டாள். எல்லாரும் ஒதுக்குப்புறமாகத்தான் கேட்டார்கள், எல்லாருமே சொல்லிவிடாதே என்றார்கள். தெய்வநாயகியின் பெயரை ஒருத்திகூட எடுக்கவில்லை. அம்பிகா ஒவ்வொருத்திக்கும், இல்லையென்றும் சொல்லாமல் ஆமென்றும் சொல்லாமல், சரி என்று தலையாட்டினாள். தலையாட்டித் தலையாட்டி அவளுக்கே தெரியாமல் போயிற்று, மரகதம் யார் என்று.

மாசி வெயில் ஏறியிருந்த ஒரு மத்தியானம், முரளி புத்தகத்தை மார்பில் கவிழ்த்துப் போட்டபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏழாவது அத்தியாயம்வரை வந்திருந்தான் என்பது தெரிந்தது. மணலில் நெத்திலியைப் பரப்பிவிட்டு வந்து கால் நீட்டியிருந்த அம்பிகாவை, அவன் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. சும்மா அவள் பக்கம் திரும்பினான்.

"உனக்கும் அந்த மரகதம் மாதிரி கீதா?" என்று கேட்டான்.

அம்பிகா யோசித்துப் பார்த்தாள். இருக்கிறது என்று சொல்லவும் அலுப்பாக இருந்தது. இல்லை என்று பொய் சொல்லவும் அலுப்பாக இருந்தது.

"வெயிலு நல்லா கீது" என்றாள். "கொஞ்ச நேரம் போனா மீனைத் திருப்பிப் போடணும். உங்களால முடிஞ்சா போய்த் திருப்புங்க. இல்லனா கெடக்கட்டும்."

முரளி முதுகைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தான். அவன் வாசலைத் தாண்டுவதற்குள் அவள் தூங்கிவிட்டாள்.